குயில்டிங் முடித்த பிளாக்குகளை இணைப்பது: முன்பட்டை, பின்பட்டை எவ்வளவு அகலம் வெட்டணும்?

#1 நூல்கண்டு

வணக்கம். முப்பது பிளாக் தயார். ஒவ்வொன்றும் மேல்துணி, காட்டன் பேட்டிங் (நடுவில் வைக்கிற பஞ்சு அடுக்கு), அடித்துணி மூன்றும் சேர்த்துக் குயில்டிங் (மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல்) போட்டு, 12½ இஞ்சுக்குச் சதுரமாக வெட்டியாச்சு. குயில்டிங் தையல் விளிம்பு வரைக்கும் ஓடுது. அடுக்கு 5க்கு 6. பெரிய போர்வையை வீட்டு மெஷின் கழுத்துக்குள்ளே சுருட்டித் திணிக்க முடியாதுன்னுதான் பிளாக் பிளாக்காகத் தைத்தது. இனி இணைப்புதான் பாக்கி.

தெரிய வேண்டியது நாலு. பட்டை அகலம் எவ்வளவு? துணி எத்தனை மீட்டர்? பின்பக்கத்தைக் கையால் எம்மிங் பண்ணித்தான் ஆகணுமா? பட்டைகள் குறுக்கே சந்திக்கிற இடத்தில் முட்டு விழுவதைத் தவிர்ப்பது எப்படி? வீடியோக்களில் ஒருத்தர் 1 இஞ்சுங்கிறாங்க, இன்னொருத்தர் 1⅛ங்கிறாங்க. எது சரி?


#2 காலிஞ்சு

விளிம்பு வரை குயில்டிங் ஓடியிருந்தா வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். முன்பக்கம் ஒரு பட்டை, பின்பக்கம் ஒரு பட்டை. அவ்வளவுதான் வழி.

அகலத்தை யாரிடமும் கேட்காமல் நீங்களே கணக்குப் போடலாம். தையல் ஓரம் கால் இஞ்சு. அப்போ இடது பிளாக்கின் கால் இஞ்சு ஓரமும் வலது பிளாக்கின் கால் இஞ்சு ஓரமும் முன்பட்டைக்கு அடியில் வந்து மூக்கோடு மூக்கு முட்டி நிற்கணும். இரண்டும் சேர்ந்து அரை இஞ்சு. ஆகவே முன்பட்டை வெளியே தெரிகிற அகலமும் அரை இஞ்சாக இருக்கணும். இரண்டு பக்கமும் கால் கால் தையலுக்குச் சேர்த்தா, வெட்டுற அகலம் 1 இஞ்சு. பட்டைக்குள்ளே தனியாகப் பஞ்சு வைக்கவே வேண்டாம், பிளாக்கின் ஓரமே அதை நிரப்பிடும். இந்த முறையின் சூட்சுமமே இதுதான்.

பின்பட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்தது. சூத்திரம்:

வெட்டும் அகலம் = 2 × (முன்பட்டை தெரியும் அகலம் + கால் இஞ்சு + தையலைத் தாண்டிப் போகிற அளவு)

கையால் எம்மிங் பண்ணினா தாண்டுறது ⅛ போதும். 2 × (½ + ¼ + ⅛) = 1¾ இஞ்சு.

இன்னொன்று. அரை இஞ்சுப் பட்டை போர்வையின் அளவைக் கூட்டாது. பிளாக்குகள் முட்டி நிற்பதால் மொத்த அளவு 5 × 12½ = 62½, நீளம் 6 × 12½ = 75. பலர் பட்டைக்குத் தனியா இஞ்சு சேர்த்துக் கணக்குப் போட்டு, கடைசியில் போர்வை சின்னதாப் போச்சேன்னு தேடுறது இதனாலதான்.


#3 பாபின்காரி

காகிதத்தில் சரி அண்ணா. ஆனா துணி திரும்புறதுக்கு இடம் வேணுமே? மெல்லிசு காட்டன் ஃபிளானல் உள்ளே இருந்தா 1 இஞ்சு பொருந்தும். சாதாரணக் காட்டன் பேட்டிங், 80/20 கலவை (80 பங்கு காட்டன், 20 பங்கு பாலியெஸ்டர்), பாலியெஸ்டர் பஞ்சு எதுவாக இருந்தாலும் பட்டை அந்தத் தடிமனை ஏறி இறங்கணும். 1 இஞ்சு வெட்டினா இரண்டு பிளாக்கின் ஓரமும் ஒன்றோடொன்று மோதி, பட்டைக்கு அடியில் வரப்பு மாதிரி எழும்பும். அதனால 1⅛. ஆசாரி கணக்கில் ஒரு நூல் கூடுதல்.

ஆனா இங்கேதான் எல்லாரும் மாட்டுறாங்க. முன்பட்டையை 1⅛ ஆக்கிட்டு, பின்பட்டையைப் பழைய 1¾லேயே விட்டுடுவாங்க. உங்க சூத்திரத்திலேயே போட்டுப் பாருங்க: முன்பட்டை தெரியும் அகலம் இப்போ ⅝. பின்பட்டை மடித்தா ⅞, அதில் கால் இஞ்சு தையலுக்குப் போனா மிச்சம் ⅝. மடிப்பு சரியாத் தையல் கோட்டிலேயே வந்து நிக்கும், தாண்டாது. இழுத்துப் பிடிச்சு எம்மிங் போட்டா பின்பக்கம் சுருங்கும், முன்பக்கம் பிளாக் கூரை மாதிரி மடங்கும். "பின்பட்டை எட்டவே மாட்டேங்குது" என்ற கேள்வி வந்தாலே காரணம் பத்துக்கு எட்டு இதுவாத்தான் இருக்கும்.

முன்பட்டை 1⅛ன்னா:
கை எம்மிங்குக்குப் பின்பட்டை 2 இஞ்சு.
மெஷினில் மூடுறதா இருந்தா 2¼ இஞ்சு. தையலைத் தாண்டிக் கால் இஞ்சு கிடைக்கும்.


#4 காலிஞ்சு

ஏத்துக்கிறேன். 1⅛ என்றால் ஒவ்வொரு பட்டைக்கும் ⅛ இஞ்சு இடைவெளி கணக்கில் வரும். நாலு பட்டைக்கு அரை இஞ்சு. அதில் ஒரு பங்கைத் துணியின் திருப்பம் சாப்பிட்டுவிடும். 62½க்கும் 63க்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும், கவலையில்லை.

ஆனா வெட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை கட்டாயம். அதே பேட்டிங், அதே அடித்துணி வைத்து 5 இஞ்சுச் சதுரம் நான்கு தைத்து, 1 இஞ்சுப் பட்டையால் ஒரு ஜோடி, 1⅛ பட்டையால் ஒரு ஜோடி இணைத்துப் பாருங்கள். ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் பட்டை குறுகல், அல்லது உங்கள் தையல் ஓரம் கால் இஞ்சைவிடக் கூடுதல். பட்டையை விரலால் அழுத்தும்போது நடுவில் வாய்க்கால் போலப் பள்ளம் தட்டினால் பட்டை அகலம், அல்லது தையல் ஓரம் குறைவு.

தையல் ஓரம் பற்றி ஒரு எச்சரிக்கை. வாக்கிங் ஃபுட்டின் (மேல்துணியையும் கீழ்த்துணியோடு சேர்த்து நகர்த்துகிற ஃபுட்) விளிம்பு பெரும்பாலும் கால் இஞ்சு கிடையாது, அதைவிட அகலமாகத்தான் இருக்கும். ஃபுட் விளிம்பை நம்பித் தைக்காதீர்கள். ஊசியை இறக்கி, ஊசியிலிருந்து கால் இஞ்சு ஸ்கேலால் அளந்து, தகட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க: 1½ இஞ்சு அகலத் துண்டு மூன்றைப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போட்டால் நடுத்துண்டு சரியாக 1 இஞ்சு தெரியணும்.


#5 நூல்கண்டு

பேட்டிங் 80/20 தான். அப்போ 1⅛ முன்னே, 2¼ பின்னே, மெஷினில் மூடுறதா வைத்துக்கறேன். துணி எவ்வளவு வாங்கறது? கடையில் 44 பன்னா காட்டன் இருக்கு.


#6 பாபின்காரி

44 பன்னாவில் கரையை நீக்கினா 42 இஞ்சு கைக்கு வரும்.

குட்டைப் பட்டை: வரிசைக்கு 4, ஆறு வரிசை, ஆக 24. ஒவ்வொன்றும் 13 இஞ்சா வெட்டிட்டுப் பிறகு ஓரம் சரிபண்ணலாம். ஒரு பன்னாவில் மூணு வரும், அப்போ 8 கீற்று.
நீளப் பட்டை: 5, ஒவ்வொன்றும் 64 இஞ்சு. மொத்தம் 320. ஒட்டுப்போடுறதுல போகிற சேதாரத்தோட 9 கீற்று.
ஆக 17 கீற்று. முன்பட்டைக்கு 17 × 1⅛ = 19⅛ இஞ்சு, 60 சென்டிமீட்டர் வாங்குங்க. பின்பட்டைக்கு 17 × 2¼ = 38¼ இஞ்சு, 1.10 மீட்டர்.
பைண்டிங் (போர்வையின் வெளி ஓரத்தைச் சுற்றி மூடுற பட்டை): சுற்றளவு 275, மூலைக்கும் முடிச்சுக்கும் 10 சேர்த்தா 285. 2½ இஞ்சுக் கீற்று 7 போதும்னு தோணும். ஆனா சாய்வா ஒட்டுப்போடும்போது ஒவ்வொரு ஒட்டிலும் 2½ இஞ்சு போயிடும், 279தான் மிஞ்சும். 8 கீற்று வெட்டுங்க, 20 இஞ்சு. இதுக்கும் 60 சென்டிமீட்டர்.


#7 சுங்குடிக்காரி

முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே துணி போடுறதா இருந்தா, குறுக்கே வெட்டாதீங்க தோழி. பாவு நீளத்தில், அதாவது கரைக்கு இணையா வெட்டுங்க. ஊடைப்பக்கம் இழுத்தா கொஞ்சம் கொடுக்கும், பாவுப்பக்கம் கொடுக்காது. 64 இஞ்சு நீளப் பட்டை இழுபடாம இருக்கிறதுதான் போர்வை அலை அடிக்காம இருக்கிறதுக்குப் பாதி மருந்து.

கணக்கும் வேடிக்கையா ஒத்து வருது. 1.70 மீட்டர் நீளத்தில் 13 இஞ்சுத் துண்டு அஞ்சு கிடைக்கும். அப்போ 24 குட்டைப் பட்டைக்கு 5 நெடுங்கீற்று, நீளப் பட்டைக்கு 5 நெடுங்கீற்று. முன்பட்டை 10 × 1⅛ = 11¼. பின்பட்டை 10 × 2¼ = 22½. கூட்டினா 33¾ இஞ்சு அகலம். 42க்குள்ளே அடங்கிடுச்சு. ஒரு ஒட்டும் இல்லை! மேலே சொன்ன 60 சென்டிமீட்டரும் 1.10ம் சேர்த்தாலும் அதே 1.70தான். துவைத்தா சுருங்குறதுக்கு 1.80 வாங்கிக்குங்க.

துவைக்கிறது விஷயத்தில் ஒரே கொள்கை வேணும். பிளாக் துணியெல்லாம் துவைத்து வெட்டியிருந்தா பட்டையையும் துவைக்கணும். துவைக்காத துணியில் பிளாக், துவைத்த துணியில் பட்டை என்றால், முதல் சலவையில் பிளாக் மட்டும் சுருங்கும், பட்டை பாம்பு மாதிரி நெளியும்.

சாயம் கவனம். சுங்குடி, கைத்தறிக் கட்டம், அச்சுக் காட்டன் இதிலெல்லாம் சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிற ஆட்கள். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்க. வெள்ளையில் ஒட்டிச்சுன்னா அந்தத் துணி பட்டைக்கு வேண்டவே வேண்டாம். பட்டை எல்லாப் பிளாக்கையும் தொடுது, ஒன்று கெட்டா முப்பதும் கெடும்.


#8 நூல்கண்டு

பிளாக் துணி எல்லாம் துவைத்ததுதான். தைக்கிற வரிசையை ஒருமுறை சொல்லுங்களேன். எந்தப் பட்டை எந்தப் பக்கம், எப்போ என்பதில் குழப்பம்.


#9 காலிஞ்சு

இடது பிளாக்கை ‘அ’ என்றும் வலதை ‘ஆ’ என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒன்று. பின்பட்டையை நல்ல பக்கம் வெளியே தெரிய நீளவாக்கில் மடித்து இஸ்திரி.

இரண்டு. ‘அ’வின் பின்பக்கம், வலது விளிம்பில், மடித்த பட்டையை வையுங்கள். பிசிறு விளிம்பு பிளாக் விளிம்போடு, மடிப்பு பிளாக்கின் உள்பக்கம் நோக்கி. முன்பக்கம், அதே விளிம்பில், முன்பட்டையை நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வையுங்கள். இரண்டு பட்டைக்கும் நடுவே பிளாக். கிளிப் போட்டு ஒரே தையலில் மூன்றையும் பிடியுங்கள். கால் இஞ்சு ஓரம், தையல் நீளம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர், 90/14 ஊசி.

மூன்று. முன்பட்டையை வெளிப்பக்கமாகத் திருப்பி இஸ்திரி. பின்பட்டையை இப்போது தொடாதீர்கள், உள்பக்கம் மடிந்தே கிடக்கட்டும். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த தையலில் அது சிக்கிக்கொள்ளும். தைத்ததைப் பிரிப்பதில் முதலிடம் இந்தத் தவறுக்கு.

நான்கு. முன்பட்டையின் மறு விளிம்பை ‘ஆ’வின் முன்பக்க விளிம்போடு, நல்ல பக்கம் நல்ல பக்கம் சேர்த்து, கால் இஞ்சில் தையுங்கள். இந்தத் தையலில் பின்பட்டை கிடையாது.

ஐந்து. விரித்துக் கவிழ்த்துப் பாருங்கள். இரண்டு பஞ்சு விளிம்பும் அருகருகே நிற்கும். பின்பட்டையை இப்போது ‘ஆ’ பக்கம் புரட்டுங்கள். ‘ஆ’வின் தையல் கோட்டை மூடிக் கால் இஞ்சு தாண்டிப் போகும்.

ஆறு. அதை அங்கேயே மூடிவிடுங்கள். ஒரு வரிசையின் நாலு குட்டைப் பட்டையும் பின்பக்கம் முழுசாக மூடிய பிறகுதான் அடுத்த வரிசையோடு இணைக்கணும். "எம்மிங்கை எல்லாம் கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைத்தால், குட்டைப் பட்டையின் முனைகள் நீளத் தையலுக்குள் திறந்தபடி மாட்டிக்கொண்டு, மூட வழியில்லாமல் போகும்.


#10 பனித்துளி

டொராண்டோவிலிருந்து. இழையைப் படிக்கிறவர்களில் இன்னும் குயில்டிங் போடாதவர்கள் இருந்தால் அவர்களுக்காக இது. பட்டை இல்லாமலும் இணைக்கலாம். லாக் கேபின் (நடுச் சதுரத்தைச் சுற்றிக் கீற்றுகளை அடுக்குகிற டிசைன்) மாதிரி பிளாக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்துதான் கோலம் உருவாகும். நடுவே அரை இஞ்சுப் பட்டை வந்தால் கோலம் அறுந்துவிடும். அதற்கு இது பொருத்தம்.

நிபந்தனை ஒன்றே. குயில்டிங் தையல் விளிம்புக்கு 1 இஞ்சு முன்னாலேயே நிற்கணும். மேல்துணிகளை மட்டும், நல்ல பக்கம் நல்ல பக்கம் வைத்து, பஞ்சையும் அடித்துணியையும் பின்னால் மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டு, கால் இஞ்சில் தைக்கிறீர்கள். தையலை ஒரு பக்கமாக இஸ்திரி. கவிழ்த்துப் போட்டு, இரண்டு பஞ்சையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்கிற மாதிரி கத்தரித்து, கையால் தளர்வாகப் பெருந்தையல் போட்டு இணைக்கிறீர்கள். பிறகு ஒரு பக்க அடித்துணியைச் சமமாகப் படிய விட்டு, மறுபக்கத்தை கால் இஞ்சு உள்மடித்து அதன் மேல் வைத்து எம்மிங்.

கெட்டுப்போகிற இடம் இரண்டு. பஞ்சு வெட்டும்போது கத்தரி நுனி மேல்துணியைக் கடித்துவிடும். பஞ்சுக்கும் துணிக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகிவிட்டு வெட்டுங்கள். இன்னொன்று, ஓரத்தில் குயில்டிங் இல்லாத இரண்டு இஞ்சுத் தளர்வு, இணைத்த பிறகு உப்பிக்கொண்டு தெரியும். இணைத்து முடித்ததும் தையலின் இரு பக்கமும் ஒரு வரி குயில்டிங் ஓட்டிவிட்டால் அடங்கிவிடும்.

மடியில் வைத்து பிளாக் பிளாக்காகக் குயில்டிங் போடுவதை அமெரிக்காவில் தொலைக்காட்சி வழியாகப் பரப்பியவர் வட கரோலினாவின் ஜார்ஜியா போன்ஸ்டீல். ஆனால் யோசனை அதைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் மெய்ன் மாநிலத்திலும் நியூ இங்கிலாந்தின் பிற பகுதிகளிலும் ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனியாகப் பைண்டிங் வரை முடித்து, முடித்தவற்றை விளிம்போடு விளிம்பு வைத்துக் கையால் சுற்றுத்தையல் போட்டு இணைத்தார்கள். பாட்ஹோல்டர் குயில்ட் என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்குப் போர்வை அனுப்பியபோது இது வசதி: ஆளுக்கொரு பிளாக் வீட்டிலேயே முடித்துக் கொண்டுவந்தால் போதும், பெரிய சட்டம் விரிக்க இடம் தேட வேண்டாம். இன்றைக்கும் செய்யலாம்தான். முப்பது பிளாக்குக்குப் பைண்டிங் மட்டும் சுமார் 1500 இஞ்சு தைக்கணும் என்பதை மட்டும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.


#11 நூல்கண்டு

1500 இஞ்சா! பட்டையே இருக்கட்டும். பாபின்காரி அக்கா, மெஷினில் மூடுறதை விளக்குங்க.


#12 பாபின்காரி

பின்பட்டையை ‘ஆ’ பக்கம் புரட்டி, தண்ணீரில் கரையுற வெள்ளைப் பசை, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோறது, அதை மடிப்போரத்தின் அடியில் மெல்லிய கோடா வைத்து இஸ்திரி போடுங்க. பிடிச்சுக்கும். துவைத்தா போயிடும். மரம் ஒட்டுற பசையை எடுத்துடாதீங்க, இறுகி ஊசியைத் தடுக்கும், துவைத்தாலும் விறைப்பு போகாது.

பிறகு முன்பக்கம் திருப்பி, முன்பட்டையும் ‘ஆ’வும் சேர்கிற பள்ளத்திலேயே ஊசி ஓடுற மாதிரி தையுங்க. முன்னே தையல் தெரியாது. பின்னே அந்தத் தையல் பட்டையின் மடிப்புக்குக் கால் இஞ்சு உள்ளே விழும். பாபினில் பின்பட்டை நிறத்து நூல், மேலே முன்பட்டை நிறத்து நூல்.

பள்ளத்தில் நேராப் போக வரலைன்னா முன்பட்டையின் ஓரத்தை ஒட்டி, பட்டைமேலேயே ஒரு மயிரிழை உள்ளே போங்க. நெளிஞ்சு பிளாக்குல ஏறுறதைவிட நேர்க்கோடா பட்டைமேல தெரியறது எவ்வளவோ மேல்.


#13 பனித்துளி

கை எம்மிங்குக்காக ஒரு வார்த்தை. குட்டைப் பட்டை 24 × 12½ = 300 இஞ்சு, நீளப் பட்டை 5 × 62½ = 312½. ஆக மொத்தம் 612½ இஞ்சு, பதினைந்தரை மீட்டர். ஆம், நீளம்தான். ஆனால் பின்பக்கமும் முன்பக்கம் போலவே சுத்தமாக இருக்கணும் என்றால் இதற்கு ஈடு கிடையாது. ஒற்றை நூல், ஒரு முழ நீளம். அதற்கு மேல் நூல் முறுக்கிக்கொள்ளும். ⅛ இஞ்சுக்கு ஒரு தையல், அடித்துணியை மட்டும் கவ்வணும், ஊசி முன்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

மெஷின் பள்ளத்தையலில் பின்பட்டை நாலு இடத்தில் பிடிபடாமல் நழுவிவிடும். அதைப் பிரித்து மறுபடி தைக்கிற நேரத்தில் கையாலேயே ஒரு வரிசை முடிந்துவிடும் என்பது என் கட்சி.


#14 பாபின்காரி

2¼ வெட்டிப் பசை வைத்தா நழுவாது. நழுவுறதெல்லாம் 1¾, 2 வெட்டினவங்களுக்கு. குழந்தைப் போர்வை, வாரம் ஒருமுறை மெஷின்ல துவைக்கிற போர்வைன்னா மெஷின் தையல்தான் தாங்கும். சுவத்துல மாட்டுறதுன்னா உங்க கட்சிக்கு ஓட்டு.


#15 காலிஞ்சு

குறுக்கு முட்டு கேட்டிருந்தீர்கள். அதுதான் இந்த முறையில் கஷ்டமான இடம், அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலில் ஏன் முட்டு என்று எண்ணிப் பாருங்கள். குட்டைப் பட்டைக்குள் ‘அ’ பக்கம்: முன்பட்டை 1, அதன் தையல் ஓரம் 1, பிளாக்கின் மேல்துணி, பஞ்சு, அடித்துணி 3, பின்பட்டையின் தையல் ஓரம் 2, புரட்டி மூடிய பின்பட்டை 2. ஒன்பது. இதன்மேல் நீள முன்பட்டை 1, நீளப் பின்பட்டை 2. ஊசி பன்னிரண்டு அடுக்கில் இறங்குகிறது. பக்கத்துப் பிளாக் நடுவில் அதே தையல் ஆறு அடுக்குதான். ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறும்போது ஃபுட் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், தையல் பொடிப்பொடியாக விழும், சில சமயம் ஊசி உடையும்.

செய்ய வேண்டியது: வரிசையின் நீள விளிம்பில், குட்டைப் பட்டை முடிகிற இடத்தில், இரண்டு பிளாக்கின் மூலையிலும் கால் இஞ்சுச் சதுரம் அளவுக்குப் பஞ்சை மட்டும் கத்தரித்து எடுங்கள். குட்டைப் பட்டையைத் தைப்பதற்கு முன்பே எடுத்துவிட்டால் சுலபம். துணி அப்படியே இருக்கட்டும். இரண்டு இஞ்சு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஃபுட் தூக்கும்போது அதன் பின்பக்கம் மடித்த அட்டை ஒன்றைச் செருகி ஃபுட்டைச் சமமாக்குங்கள். அந்த ஒரு இஞ்சை மட்டும் கைச்சக்கரத்தால் சுற்றித் தையுங்கள். 90/14 திணறினால் 100/16 ஜீன்ஸ் ஊசி.

அடுத்து நேர் சேர்வது. நீள முன்பட்டையை முதல் வரிசையில் தைத்து வெளியே திருப்பியதும், ஒவ்வொரு குட்டைப் பட்டையின் இரண்டு தையல் கோட்டையும் ஸ்கேல் வைத்து நீட்டி, நீளப் பட்டையின் மறு விளிம்பில் சாக்பீஸால் குறியுங்கள். ஒரு நீளப் பட்டைக்கு எட்டுக் குறி. இரண்டாம் வரிசையின் தையல்களை அந்தக் குறிகளில் வைத்து முதலில் குத்துங்கள், பிறகு இடைவெளிகளில். இந்தக் குறி இல்லாமல் கண் திட்டத்தில் தைத்தால் கடைசிப் பட்டை அரை இஞ்சு தள்ளி நிற்கும். அரை இஞ்சுப் பட்டை அரை இஞ்சு தள்ளி நின்றால் பட்டையே வேறு வீட்டுக்குப் போன மாதிரி தெரியும்.


#16 சுங்குடிக்காரி

நீளப் பட்டையைச் சும்மா வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிச்சத்தை வெட்டுறதும் கூடாது. அடியில் இருக்கிற பற்கள் கீழ்த்துணியை வேகமா இழுக்கும், மேலே இருக்கிறது பின்தங்கும். 62 இஞ்சு ஓடி முடியும்போது அரை இஞ்சு வித்தியாசம் சாதாரணம். வரிசையின் நீளத்தை நடுவில் அளந்து, அதே அளவைப் பட்டையில் குறித்து, நடுவுக்கு நடு, முனைக்கு முனை குத்திட்டுத் தையுங்க. வாக்கிங் ஃபுட் இல்லாத கறுப்பு மெஷின்னா, மேலே இருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்தி அழுத்தத்தைக் குறைங்க, இரண்டு இஞ்சுக்கு ஒரு கிளிப் போடுங்க. வாக்கிங் ஃபுட் வாங்குறதா இருந்தா உங்க மெஷினோட ஷேங்க் (ஃபுட் மாட்டுற தண்டு) உயரம் பார்த்து வாங்கணும். பொருந்தாததை மாட்டினா ஊசி ஃபுட்டில் இடிக்கும்.

நம்ம ஊர்ல கிடைக்கிற பாலியெஸ்டர் பஞ்சு ஷீட் பற்றியும் சொல்லிடறேன். 100, 150, 200 ஜிஎஸ்எம்னு (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்னு) விற்கும். இந்த முறைக்கு 150ஐத் தாண்டாதீங்க. 200 வைத்தா ஓரம் உப்பி, 1⅛ பட்டைக்குள்ளே அடங்கவே அடங்காது. விளிம்பைச் சுற்றி ⅛ இஞ்சு உள்ளே ஒரு ஓட்டுத்தையல் போட்டுட்டா பஞ்சு அமுங்கும், சதுரமும் கோணாது. இஸ்திரிப் பெட்டியை அடக்கி வைங்க. வெட்டிய ஓரத்தில் பஞ்சு வெளியே தெரியும். சூடு நேரா பட்டா உருகிப் பெட்டியில் ஒட்டிக்கும். சென்னை, மதுரை வெயிலுக்குப் பஞ்சே வேண்டாம், நடுவில் ஒரு அடுக்குக் காட்டன் ஃபிளானல் போதும். அப்போ முன்பட்டை 1 இஞ்சு, கை எம்மிங்குக்குப் பின்பட்டை 1¾. காலிஞ்சு அண்ணா முதலில் சொன்ன கணக்கு அங்கே அச்சுப் பிசகாம உட்காரும்.


#17 வாசல்கோலம்

குறுக்கே வரேன். பட்டை அரை இஞ்சு ரொம்ப ஒல்லி. 1½ இஞ்சு தெரியற மாதிரி போடலாமா?


#18 காலிஞ்சு

போடலாம். முன்பட்டை 2 இஞ்சு வெட்டணும். பின்பட்டை, மெஷின் முறைக்கு, 2 × (1½ + ¼ + ¼) = 4 இஞ்சு. ஆனால் இப்போது பிளாக் ஓரங்கள் முட்டாது, நடுவில் 1 இஞ்சு காலி. அங்கே 1 இஞ்சு அகலப் பேட்டிங் கீற்றை வைத்து மூடணும். தெரியும் அகலத்தில் அரை இஞ்சைக் கழித்தால் கீற்றின் அகலம். வைத்தபின் பட்டையின் நடுவில் நீளமாக ஒரு குயில்டிங் தையல் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் துவைக்கும்போது கீற்று சுருண்டு ஒரு பக்கம் ஒதுங்கும். போர்வை அளவும் இப்போது கூடும்: நாலு பட்டைக்கு 4 இஞ்சு, 66½. நீளம் 80.


#19 வாசல்கோலம்

இன்னொன்று. என் பிளாக் எல்லாம் நட்சத்திரம். குயில்டிங் போட்டதும் 12¼ ஆச்சு, 12½க்கு வெட்டத் துணியே இல்லை.


#20 பனித்துளி

குயில்டிங் போட்டால் 12 இஞ்சுப் பிளாக் கால் முதல் அரை இஞ்சு வரை உள்வாங்கும். நெருக்கமாகத் தைத்தால் கூடுதலாக உள்வாங்கும். எல்லாப் பிளாக்கையும் சிறியதின் அளவுக்கு, 12¼க்கோ 12க்கோ, வெட்டினால் நட்சத்திர நுனிகள் பட்டைக்குள் புதைந்துவிடும். இப்போதைக்கு வழி, முன்பட்டையைச் சேர்க்கும் தையலைக் கால் இஞ்சுக்குப் பதில் ⅛க்குக் கொண்டுவருவதல்ல. அது பிசிறி அவிழும். நுனி கொஞ்சம் வெட்டுப்படுவதை ஏற்றுக்கொள்ளுங்கள், முப்பதும் ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம்.

இனி செய்கிறவர்கள் நட்சத்திரத்தைச் சுற்றி 1 இஞ்சுக் கரைத்துணி வைத்து, 13½ ஆக்கி, பஞ்சும் அடித்துணியும் 14க்கு வெட்டிக் குயில்டிங் போட்டு, பிறகு 12½க்குச் செதுக்கலாம். முப்பது பிளாக்கிலும் குயில்டிங் நெருக்கம் ஒன்று போல இருக்கட்டும். ஒன்றில் அரை இஞ்சுக் கோடுகள், இன்னொன்றில் மூன்று இஞ்சுக் கட்டம் என்றிருந்தால் துவைத்த பிறகு ஒன்று இறுகும், ஒன்று தொங்கும்.


#21 நூல்கண்டு

சோதனைத் துண்டு தைத்தாச்சு. 1 இஞ்சுப் பட்டையில் வரப்பு எழும்பிச்சு. 1⅛ சமமா உட்கார்ந்தது. பின்பட்டை 2¼, பசை, பள்ளத்தையல், நழுவலை. முதல் வரிசை முழுசா முடிந்து பின்பக்கமும் மூடியாச்சு. ஆனா 62⅝ வந்திருக்கு. பிரிச்சு 62½ ஆக்கணுமா?


#22 காலிஞ்சு

பிரிக்க வேண்டாம். 62⅝ தான் இனி உங்கள் அளவு. மீதி ஐந்து வரிசையையும் தைத்து முடித்து, ஆறையும் அளந்து எழுதிக்கொண்ட பிறகே நீளப் பட்டைக்குக் குறி போடுங்கள். ஏதாவது வரிசை கால் இஞ்சுக்குமேல் விலகினால் அந்த வரிசையில் மட்டும் ஒரு குட்டைப் பட்டையைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பட்டையில்தான் தையல் ஓரம் நழுவியிருக்கும்.


#23 பாபின்காரி

நீளப் பட்டையைத் தொடுமுன் பாபினை முழுசா நிரப்பிக்குங்க. அந்தப் பன்னிரண்டு அடுக்கு மேல ஏறும்போதுதான் அது சரியாத் தீரும்.